ஐந்தும் எண்பதும்

சின்ன வயதில் இந்த நாட்டுக்கு வந்து, இப்போது என்னைப் போல முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு என்றால் மஞ்சள் தொலைபேசிக் கூண்டு எப்படியிருக்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உங்களுக்கு அது வேண்டாம். அந்தக் கதவின் கனம் உங்கள் தோளுக்கு இன்னும் ஞாபகமிருக்கும். உள்ளே தேங்கி நின்ற பழைய சிகரெட் மணம், காதில் ஐஸ் மாதிரி ஒட்டுகிற ரிசீவர், எல்லாம் தெரியும். அதற்குள் நின்று பெரியவர்களுக்காக எத்தனை தரம் ஜெர்மன் பேசியிருப்போம்! பதினொரு வயதில் நாங்கள்தான் குடும்பத்தின் வாய்.

என் பிள்ளைகளின் தொலைபேசி எண் ஒன்றுகூட எனக்குப் பாடமில்லை. ஆனால் அந்தக் கூண்டுக்குள் ஒரு மாசி மாதத்தில் எழுதிய எட்டு இலக்க எண்ணை இப்போதும் தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வேன். ஆறு கோடியே முப்பத்தொரு லட்சத்து இருபத்தையாயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கு. அந்தக் குளிர்காலம் முழுக்க என்னோடு விளையாடியது அந்த எண்தான். வேறு விளையாட்டுச் சாமான் எங்களிடம் இருக்கவில்லை என்பதும் உண்மை.

டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு பழைய பள்ளிக்கூடத்தை அகதிகளுக்கு விடுதியாக்கியிருந்தார்கள். ஹைம் என்போம். நீளமான நடை, இரண்டு பக்கமும் அறைகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. ஓர் அறையில் அப்பாவும் நானும். கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் நிலையத்தில் விமானத்தை விட்டு இறங்கியபோதும் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மாவும் கைக்குழந்தையாக இருந்த தம்பியும் பிறகு வருவதாகப் பேச்சு. அந்தப் பிறகு இரண்டு வருடமாகியும் வரவில்லை. அவர்கள் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். தம்பி நடக்கத் தொடங்கியதை அப்பா கடிதத்தில்தான் வாசித்தார்.

பக்கத்து அறையில் ஒரு மாமா. உறவில்லை, ஆனால் அப்பாவின் சிநேகிதர் எல்லோரும் எங்களுக்கு மாமாதானே. அப்பாவைவிட நாலைந்து வயது மூத்தவர், தனி ஆள், சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனை. ஹைமில் யாருக்கு என்ன அந்த்ராக், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்ப வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போவார்கள். அம்மாவைக் கூப்பிடுவதற்கான படிவத்தையும் அவர்தான் நிரப்பித் தந்தார். அவரும் அப்பாவும் ஒன்றாகச் சமைப்பார்கள். மாமா பெரிய வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸில் கறி, அப்பா சோறும் டின்மீன் குழம்பும். ரேடியேட்டரில் காய்கிற காலுறை மணமும் அந்த லீக்ஸ் தாளிக்கிற மணமும் சேர்ந்ததுதான் எனக்கு ஜெர்மனி.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் கதை விளங்காது. ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கத்தின் லொறி ஓட்டினவர். இலக்கத்தைக் கண்டால் கூட்டாமல் விடமாட்டார். வாகன இலக்கம், வீட்டு இலக்கம், மருந்துச் சிட்டையில் கிடக்கிற இலக்கம், எதுவானாலும் ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டுவார். எட்டு வந்தால் முகம் சுருங்கும். ஒன்பது வந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் திருவிழா. ஜெர்மனிக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. நாற்பத்துநாலாம் இலக்க பஸ் வந்தால் ஏறமாட்டார். "அடுத்ததிலை போவம் பிள்ளை" என்று பனிக்குள் என்னை நிறுத்தி வைத்திருப்பார். அடுத்ததும் நாற்பத்துநாலுதான் என்பது ஒவ்வொரு நாளும் அவருக்குப் புதுச் செய்தி.

அந்த மாசியில் ஒருநாள் வெளிநாட்டவர் அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசச் சொல்லி ஒரு துண்டு வந்தது. அப்பா கூண்டுக்கு வெளியே நின்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். நான் உள்ளே, கணக்குக் கொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் கம்பளி உறையோடு. மறுமுனையில் ஒரு பெண் மூச்சு விடாமல் பேசினாள். கொழும்புத் தூதரகத்திலிருந்து அம்மாவின் கோப்பு வந்துவிட்டது. அப்பாவின் வேலைக் கடிதம், இருப்பிடப் பத்திரம் எல்லாம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பங்குனி முடிவதற்குள் கொடுக்காவிட்டால் கோப்பு கொழும்புக்கே திரும்பிப் போய்விடும், பிறகு எல்லாம் முதலிலிருந்து. வரும்போது இந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று இரண்டிரண்டு இலக்கமாகச் சொன்னாள். நான் எழுதினேன். போட்ட சில்லறை முடிகிற நேரம், பெட்டி கீக் கீக் என்றது. திருப்பிக் கேட்க நேரமில்லை. நேரம் இருந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். வகுப்பில் ஒரு வருடத்தில் ஜெர்மன் பிடித்தவள் என்ற மண்டைக்கனம் எனக்கு நிறைய இருந்தது.

வெளியே வந்ததும் அப்பா கொப்பியைப் பறித்துக் கூட்டினார். ஆறும் மூன்றும் ஒன்பது, ஒன்றும் இரண்டும் மூன்று, ஐந்தும் எட்டும் பதின்மூன்று, ஏழும் நாலும் பதினொன்று. மொத்தம் முப்பத்தாறு. மூன்றும் ஆறும் ஒன்பது!

"பாத்தியே பிள்ளை, ஒன்பது! கொம்மா வாறா!" என்று நடுத்தெருவில் என்னைத் தூக்கிச் சுற்றினார். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு வெட்கம் தெரியுமா? ஆனாலும் இறங்க மனம் வரவில்லை.

அன்றே அம்மாவுக்கு நீல ஏரோகிராமில் எழுதினார். கடிதங்கள் வழியில் உடைபடுகின்றன என்று அந்தக் காலத்தில் எல்லோருக்கும் பயம். கொழும்பு லொட்ஜுகளில் எந்நேரமும் சோதனை. வெளிநாட்டுக் கோப்பு இலக்கம் எழுதிய கடிதம் கையில் அகப்பட்டால் என்ன கேள்வி வருமோ தெரியாது. அதனால் அவர்கள் இரண்டு பேரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். இலக்கத்தை எழுதுவதில்லை, கூட்டெண்ணை மட்டும் எழுதுவது. "இங்கே வந்தது ஒன்பது. தூதரகம் உமக்குத் தந்த துண்டைக் கூட்டிப் பாரும், என்ன வருகிறது?" என்று அப்பா கேட்டிருந்தார். இரண்டரைக் கிழமையில் பதில் வந்தது. "இங்கேயும் ஒன்பதுதான். முருகன் துணை." அதற்குக் கீழே தம்பி பென்சிலால் கீறிய ஒரு வட்டம்.

அந்தக் கடிதத்தையும் பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் சங்கிலி கட்டிய மூக்குக்கண்ணாடியோடு ஓர் அம்மா. நான் இலக்கத்தைச் சொன்னேன். எழுந்து போய் அட்டைப் பெட்டிகளில் தேடினார். திரும்பி வந்தார்.

"அப்படியொரு கோப்பு இல்லை."

அப்பாவின் பெயரில் தேடச் சொன்னேன். இல்லை. அம்மாவின் பெயரோடு அப்பாவின் பெயரைச் சேர்த்துச் சொன்னேன். அதிலும் இல்லை. தொலைபேசியில் இலக்கம் சொன்ன பெண் எங்கே என்று கேட்டேன். பிள்ளைப்பேற்றுக்கு விடுமுறையில் போய்விட்டாராம். ஒரு கிழமை கழித்து மறுபடி போனோம். மறுபடியும் அந்த அம்மா எழுந்து போனார், தேடினார், இல்லை என்று கையை விரித்தார்.

"உவ ஒளிக்கிறா. எங்களைக் கண்டாலே அவவுக்குப் பிடிக்கேல்லை" என்று அப்பா வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நம்பர் பிழையா இருக்குமோ அப்பா?" என்று நானே ஒரு தரம் கேட்டேன்.

"எப்பிடிப் பிழைக்கும்? கொம்மாவிட்டை இருக்கிறதும் ஒன்பது, எங்களிட்டை இருக்கிறதும் ஒன்பது. ரெண்டும் ஒண்டுதான்."

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். இலக்கம் சரியென்றால் பிழை வேறெங்கோ இருக்க வேண்டும். அப்பா யோசித்து யோசித்துக் கடைசியில் பக்கத்து அறையில் போய் நின்றார். படிவத்தை நிரப்பியது மாமா. அதில் ஏதோ பிழை விட்டிருக்கிறார், அதனால்தான் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சமையலறையில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். "அண்ணை, தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே? என்ர மனிசி பிள்ளையின்ர வாழ்க்கையிலை ஏன் விளையாடினீங்கள்?"

மாமா கரண்டியைக் கீழே வைத்தார். ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. முகம் மட்டும் வெளிறிப்போனது. அன்றிலிருந்து இரண்டு அடுப்பு, இரண்டு பானை. மாமா நடையில் எதிரே வந்தால் அப்பா சுவரைப் பார்த்தார். எனக்கு வாய்க்கு ருசியான லீக்ஸ் கறியும் போனது.

அந்த நாட்களில்தான் நான் எண்ணை வகுக்கத் தொடங்கினேன். வகுப்பில் பகா எண்கள் படிப்பித்திருந்தார்கள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறொன்றாலும் பிரிபடாத எண்கள். ஒரு பெரிய எண்ணை உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் அவைதான் மிஞ்சும் என்று சொன்னார்கள். நான் ஒரு நேர்த்தி வைத்தேன். அம்மாவின் எண்ணை மிச்சமில்லாமல் கடைசிவரை உடைத்துவிட்டால் அம்மா வருவா. ஒரு நாளைக்கு ஒரு வகுத்தல்தான், அதுவும் பள்ளிவிட்டு வந்து கைகால் கழுவிய பிறகு. கோயிலில்லாத ஊரில் எனக்குத் தெரிந்த விரதம் அதுதான்.

தொடக்கம் அமோகம். இரட்டை எண், இரண்டால் போனது. இலக்கங்களின் கூட்டுத்தொகை முப்பத்தாறு, ஆகவே ஒன்பதாலும் போனது. மிஞ்சியதை ஏழால் வகுத்தேன். அதுவும் போனது! வந்த விடையைப் பார்த்துத் துள்ளினேன். ஐந்து லட்சத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. 500999. இன்னும் ஒன்று இருந்தால் 501000, அழகான உருண்டை எண். ஒன்று குறைகிறது. அந்த ஒன்று அம்மா என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், நீங்களும் அந்த வயதில் தெருக்கல்லில் கோடு மிதிக்காமல் நடந்தவர்கள்தானே.

அதற்குப் பிறகு சோதனை தொடங்கியது. பதினொன்றால் போகவில்லை. பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது, எதாலும் போகவில்லை. நாளுக்கொரு பக்கம். சதுரக் கட்டக் கொப்பியில் மைப்பேனையால் வகுத்து, பிழைத்தால் மையை அழிக்கிற அந்த வெள்ளைப் பேனையால் அழித்து, அது நாறுகிற நாற்றத்தோடு மறுபடி வகுத்து. முப்பதுகள் போயின, நாற்பதுகள் போயின. பங்குனியும் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாலையும் அப்பா வேலையால் வந்து, கடிதப்பெட்டியைப் பார்த்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் இருப்பார். அவர் முகத்தைப் பார்க்காமல் நான் கொப்பியைத் திறப்பேன். அறுபத்தேழு, இல்லை. எழுபத்தொன்று, இல்லை.

எழுபத்து மூன்று. மிச்சம் பூச்சியம்.

நம்ப முடியாமல் மூன்று தரம் வகுத்தேன். எழுபத்து மூன்று தரம் ஆறாயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று. விரதத்தையும் மறந்து அதே மாலை 6863ஐயும் உடைக்கப் பார்த்தேன். அது உடையவில்லை. கொப்பியில் எந்த எண்ணைக் கொண்டு குத்தினாலும் உடையவில்லை, அது பகா எண். ஆக என் எண் முழுதாகப் பிரிந்துவிட்டது. 2, 3, 3, 7, 73, 6863. நேர்த்தி முடிந்தது, இனி அம்மா வருவதுதான் பாக்கி. பங்குனி முடிய ஐந்து நாள் இருந்தது.

மறுநாள் பள்ளியில் எண் சொல்வதெழுதுதல். ஆசிரியை இருபது எண்களை வாசித்தார், நாங்கள் எழுதினோம். எனக்குப் பத்தொன்பது சரி. மூவாயிரத்து நானூற்று எண்பத்தைந்துக்கு நான் 3458 என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சொல்: சாலன்ட்ரேயர்.

எனக்கு அந்தச் சொல் தெரியாது. துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் 'எண்ணைத் திருப்புகிறவர்' என்று வந்தது. ஆசிரியை என்னை ஏதோ கள்ளி என்று திட்டியிருக்கிறார் என்று கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த துருக்கிப் பிள்ளைதான் சிரித்தாள்.

"உன்னைச் சொல்லவில்லை. இதைச் சொல்கிறார்" என்று இரண்டு சுட்டுவிரலையும் நிமிர்த்தி, இடம் மாற்றிக் காட்டினாள். "ஜெர்மன்காரருக்கே வருகிற பிழை இது. அதனால்தான் அதற்கென்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்."

உங்களுக்குத் தெரிந்ததுதான். நாங்கள் எண்பத்தைந்து என்போம், எண்பது முதலில். இவர்கள் ஃப்யுன்ஃப்-உண்ட்-ஆஹ்ட்ஸிக் என்பார்கள், ஐந்தும் எண்பதும். காதில் ஐந்து முதலில் விழும், கை ஐந்தை எழுதிவிடும், பிறகு எட்டு. எண்பத்தைந்து ஐம்பத்தெட்டாகிவிடும். ஐந்துக்கு முன்னால் ஓர் இடம் விட்டு எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் முழங்காலில் கொப்பியும் கையில் கம்பளி உறையும் காதில் கீக் கீக்கும் இருக்கும்போது?

கொப்பியின் பின்பக்கத்தில் 85ஐக் கூட்டினேன், பதின்மூன்று. 58ஐக் கூட்டினேன், பதின்மூன்று. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன், இருபத்தேழு. ஒன்பதின் மடங்கு. வேறு சோடிகளை எழுதிப் பார்த்தேன். எந்த இரண்டு இலக்கத்தை இடம் மாற்றினாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகவே வந்தது. அதாவது எத்தனை தரம் திருப்பிப் போட்டாலும் கூட்டெண் அசையாது. அம்மாவிடம் ஒன்பது, எங்களிடம் ஒன்பது என்பதால் ஒன்றுமே நிரூபணமாகவில்லை. பிழை விட்டது மாமா இல்லை. நான்.

வீடு திரும்புகிற வழியில் என் எண்ணைச் சோடி சோடியாகப் பிரித்தேன். 63, 12, 58, 74. பன்னிரண்டுக்கு ஜெர்மனில் தனிச் சொல், அவள் அதை நடுவில் 'உண்ட்' இல்லாமல் ஒரே சொல்லாகச் சொன்னது நன்றாக ஞாபகமிருந்தது, அதைத் திருப்ப வழியில்லை. மற்ற மூன்று சோடியும் சந்தேகம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி, இரண்டு தரம் இரண்டு தரம் இரண்டு, எட்டு. அதில் ஒன்று எங்களிடம் இருப்பது, அது கிடையாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். மிச்சம் ஏழு. ஏழையும் ஒரு தாளில் எழுதினேன்.

அப்பா வந்து கட்டிலில் இருந்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு சொன்னேன்.

"அப்பா, நம்பர் பிழை. நான்தான் மாறி எழுதிப்போட்டன் போலை கிடக்கு."

"விசர்க்கதை கதையாதை. ஒன்பது வருதெல்லே?"

"உங்கட லொறி நம்பர் என்ன?"

"நாலாயிரத்து எழுநூற்றி இருவத்தைஞ்சு. பதினெட்டு, ஒன்பது. அந்த லொறி ஒருநாளும் என்னை வழியிலை விட்டதில்லை."

"கடைசி ரெண்டையும் மாத்திப் போட்டுக் கூட்டுங்கோ."

"நாலாயிரத்து எழுநூற்றி அம்பத்திரண்டு. அது மனேச்சரின்ர லொறியெல்லோ?"

"கூட்டுங்கோ அப்பா."

விரல்களை மடக்கினார். நாலும் ஏழும் பதினொன்று. ஐந்து, பதினாறு. இரண்டு. விரல் அந்தரத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து மடக்கினார். அந்த மனேச்சரின் லொறி மாதத்தில் இரண்டு தரம் பாலத்தடியில் பழுதாகி நிற்குமாம், அப்பாவே எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்.

"அதுக்கும் ஒன்பதுதான்" என்றார் மெதுவாக.

எனக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தாளை வாங்கி ஏழு எண்ணையும் பார்த்தார். பிறகு, "அந்த மனிசனோடை மூண்டு கிழமையா நான் ஒரு வார்த்தை கதைக்கேல்லைப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு எழுந்தார். பக்கத்து அறைக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

"அண்ணை, என்னிலைதான் பிழை. நாளைக்கு எங்களோடை ஒருக்கா வரேலுமே?"

மாமா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஆனால் காலையில் எங்களுக்கு முன்னே சட்டைப்பையில் மூன்று பேனையோடு வாசலில் நின்றார். நாற்பத்துநாலு வந்தது. அப்பாதான் முதலில் ஏறினார்.

சங்கிலிக் கண்ணாடி அம்மா எங்களைக் கண்டதும் பெருமூச்சு விட்டார். நான் தாளை நீட்டி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். சாலன்ட்ரேயர் என்றதும் அவர் முகம் மாறியது.

"எனக்கே கிழமைக்கு ஒன்று வரும்" என்றார்.

தாளோடு பெட்டிகளுக்குப் போனார். முதலாவது இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவதற்கு ஓர் அட்டையை இழுத்தார், அப்பா என் தோளை இறுக்கிப் பிடித்தார். அந்த அம்மா அட்டையைப் பார்த்து, எங்களைப் பார்த்து, "உங்கள் மனைவி ஐம்பத்தாறு வயது ஆண் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத் திரும்ப வைத்தார். நான் மொழிபெயர்க்கவில்லை. நான்காவது இல்லை.

ஐந்தாவது அட்டையை எடுத்தவர் அதை உடனே வைக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்தார்.

"உன் தம்பியின் பெயர் என்ன?"

சொன்னேன்.

"பிறந்த நாள்?"

சொன்னேன். அவர் அட்டையைத் திருப்பிக் கவுண்டரில் வைத்தார். 63 12 85 74. அம்மாவின் பெயர், தம்பியின் பெயர். குடும்பப் பெயர் என்ற இடத்தில் மட்டும் அப்பாவின் பெயர் இல்லை, எப்போதோ இறந்துபோன அம்மப்பாவின் பெயர் இருந்தது. பெயரால் தேடி ஏன் கிடைக்கவில்லை என்பது அப்போது விளங்கியது. அது எப்படி அங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பெயர்களை இந்த நாட்டில் யார்தான் சரியாக எழுதினார்கள்? அப்பா அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமா சுவரில் இருந்த ஏதோ அறிவித்தலை மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

பத்திரங்களை வாங்கி முத்திரை குத்திவிட்டு அந்த அம்மா கேட்டார், "இந்தத் தாளை நான் வைத்துக்கொள்ளட்டுமா?" கொடுத்துவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நாங்கள் திட்டித் தீர்த்த மனிசி. இரண்டு தரம் வந்தபோதும் எழுந்து போய் உண்மையாகத் தேடியிருக்கிறார். நாங்கள் கொடுத்த எண்ணைத்தானே அவர் தேட முடியும்?

அன்று மாலை மறுபடி ஒரே அடுப்பு. லீக்ஸ் கறியை நான் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

வைகாசியில் அம்மா வந்தா. விமான நிலையத்தில் தம்பி அப்பாவைப் பார்த்து "மாமா" என்றான், எல்லோரும் சிரித்தோம், அப்பாவும் சிரித்தார், பிறகு திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். அம்மாவின் கைக்குட்டை முடிச்சில் தூதரகத் துண்டு இருந்தது. நான் முதலில் அவிழ்த்துப் பார்த்தது அதைத்தான். ஐந்தும் எண்பதும். அம்மா என் தலையைத் தடவி, "ஒவ்வொரு நாளும் கூட்டிப் பாத்தனான் பிள்ளை, ஒருநாளும் மாறேல்லை" என்றா. நான் துண்டை மறுபடி கைக்குட்டையில் முடிந்து கொடுத்தேன்.

அப்பா கண்மூடும்வரை அந்த ஒன்பதுதான் குடும்பத்தைச் சேர்த்தது என்று வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொன்னார். லொறிக் கணக்கை வசதியாக மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. நான் விட்ட பிழைக்கு ஒரு அப்பாவி மனிதர் மூன்று கிழமை பழி சுமந்தார். சமையலறையில் அவர் கரண்டியைக் கீழே வைத்த அந்த நிமிடம் எத்தனையோ தரம் கண்ணுக்குள் வந்திருக்கிறது. ஒருநாளும் அவரிடம் நேரே மன்னிப்புக் கேட்கவில்லை. போன கோடையில் ஸ்டுட்கார்ட்டில் மாமாவுக்கு எண்பதாவது பிறந்தநாள் கொண்டாடினார்கள். மண்டபத்தில் கூட்டம் கலைந்த பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் இருந்தேன்.

"மாமா, அந்த நம்பர் விசயம். அண்டைக்கு நீங்கள் என்னாலைதான் பேச்சு வாங்கினீங்கள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார்.

"அட பிள்ளை, நாப்பது வருசமா இதையே யோசிச்சுக்கொண்டு திரிஞ்சனீ? கொம்மான்ர குடும்பப் பேர் எண்ட இடத்திலை கொம்மப்பான்ர பேரை எழுதினது நான்தான். பிறப்புப் பத்திரத்தைப் பாத்து அப்பிடியே இறக்கிப்போட்டன். கொப்பர் சமையலறையிலை கேட்டவுடனை எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அதுதான் வாய் திறக்கேல்லை. அந்த அட்டையைக் காட்டினபோது எனக்கு உயிரே போட்டுது. கொப்பர் ஏதும் கேட்டாரோ? ஒண்டும் கேக்கேல்லை. என்னட்டை வந்து மன்னிப்பெல்லோ கேட்டவர்! அந்த மனிசன் இருக்கும்வரைக்கும் எனக்குச் சொல்லத் துணிவு வரேல்லை."

"அப்ப நீங்களும்தானோ?"

"ஓமோம். நீ நம்பரைத் திருப்பினாய், நான் பேரைத் திருப்பினன். பேர் சரியெண்டால் உன்ர நம்பரே தேவையில்லை. நம்பர் சரியெண்டால் என்ர பேரை ஆரும் பாக்கப்போறதில்லை. ரெண்டு பேரும் சேந்தெல்லோ கொம்மாவை மறைச்சு வைச்சிருந்தம்!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தோம். பாத்திரம் எடுக்க வந்த அவர் மகள், என்ன நடந்தது இந்த இரண்டுக்கும் என்று பார்த்துவிட்டுப் போனாள்.

சரியான எண்ணை, 63128574ஐ, நான் இன்றுவரை உடைத்துப் பார்க்கவில்லை. இரண்டால் போகும், ஒன்பதால் போகும், ஏழால் போகாது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை, அம்மா வந்துவிட்டாவே.

"அந்த நம்பர் இன்னும் ஞாபகமிருக்கோ?" என்று மாமா கேட்டார். சட்டைப்பையில் அந்த வயதிலும் மூன்று பேனை. ஒன்றை எடுத்துக் காகிதக் கைத்துண்டை விரித்தார். "ஜெர்மனிலை சொல்லு பாப்பம், அண்டைக்கு ரெலிபோனிலை சொன்ன மாதிரி."

நான் அந்தப் பெண்ணைப் போலவே மூச்சு விடாமல் சொன்னேன். மூன்றும் அறுபதும், பன்னிரண்டு, ஐந்தும் எண்பதும், நான்கும் எழுபதும். அவர் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 63 12 58 74.

மாமா ஒவ்வொரு இலக்கமாக விரலை மடக்கிக் கூட்டினார்.

"முப்பத்தாறு. ஒன்பது. சரிதானே பிள்ளை?"

"ஓம் மாமா" என்றேன். "சரிதான்."